பூரணி வைத்த கல்

ஒரு காட்டில் எல்லாம் இருந்தது. சிங்கம் இருந்தது, அதற்குக் குகை இருந்தது, குகைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. பள்ளிக்கூடம்கூட இருந்தது. அது நாலு மணிக்கே விட்டுவிடும் என்பதுதான் தொல்லை. நாலு மணிக்கு வெளியே வரும் பிள்ளையை ஆறு மணிவரை எங்கே வைப்பது என்று பெற்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. கழுகுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பூரணி என்ற கீரி அந்த இரண்டு மணி நேரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். அவள் புற்றுப் புற்றாகப் போய்ப் பாம்பு பிடிக்கிறவள். வெயில் தாழ்ந்தால்தான் பாம்பு தலை நீட்டும். அவளுடைய ஒரே மகன் துடியனோ ஒரு இடத்தில் நிற்காதவன். போன மாதம் பக்கத்துப் புதர் முயல்குட்டியைக் கழுகு தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. பாம்பின் கழுத்தைக் கவ்விக்கொண்டே மகனை நினைப்பாள், பாம்பு நழுவிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஆலமரத்தடியில் இளங்குருத்து மன்றம் என்று ஒன்று திறந்தார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பாட்டு, ஓவியம், நல்லொழுக்கம் எல்லாம் கற்றுக்கொடுத்து ஆறு மணிக்குத் திருப்பித் தருவார்களாம். சுற்றிலும் முள்வேலி, மேலே கூரை. பூரணியின் காதில் பாட்டும் ஓவியமும் விழவில்லை. கூரை என்ற ஒரு சொல்தான் விழுந்தது.

மன்றத்தின் செயலாளர் கோதண்டம், ஒரு தேவாங்கு. இரவில் மட்டுமே கண் தெரிகிற பிராணியை எதற்குப் பகல் உத்தியோகத்தில் வைத்தார்கள் என்று நீங்கள் கேட்கக் கூடாது. அவர் சிங்கத்துக்கு வேண்டப்பட்டவர். எதையும் இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அதனால் ரொம்பக் கவனமான அதிகாரி என்று பெயர் எடுத்திருந்தார்.

விண்ணப்பத்தில் இருபத்திரண்டு கேள்விகள். வாலின் நீளம், தகப்பன் வாலின் நீளம், இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதற்கான காரணம். பிள்ளைக்கு மிகவும் பிடித்தது எது என்ற இடத்தில் பூரணி 'ஓடுவது' என்று எழுதினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பாக்கியம் என்ற மந்தி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. அதை அடித்துவிட்டு 'உட்கார்ந்திருப்பது' என்று எழுதச் சொன்னது. மூன்று பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த அனுபவம் பாக்கியத்துக்கு உண்டு.

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட கோதண்டம், சேர்க்கை வரிசைப்படிதான் நடக்கும், என்றைக்கு நடக்கும் என்று சொல்வதற்கில்லை, கூப்பிடும்போது வரிசையில் இல்லாவிட்டால் மன்றம் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் நிற்க முடியும்? பூரணிக்கு அழுகையே வந்துவிட்டது. பாக்கியம்தான் வழி சொன்னது. நியாயவிலைக் கடையில் தேன் வாங்க அந்தக் காட்டில் எல்லாரும் செய்கிற வழிதான்.

"கல்ல வெச்சுட்டுப் போ தாயி. கல்லு உன் இடத்தப் பாத்துக்கும், புள்ள கல்லப் பாத்துக்கும்."

பூரணி ஓடையிலிருந்து வழுவழுப்பான ஒரு கல்லைத் தூக்கி வந்து வரிசையில் வைத்தாள். பக்கத்தில் துடியனை நிறுத்தினாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். யானை ஒரு பாறையையே உருட்டிக்கொண்டு வந்தது. அது நாலு பேர் இடத்தை அடைக்கிறது என்று மான் சண்டைக்குப் போனது. யானை ஒரு முறை மூச்சு விட்டது, மான் சமாதானமாகிவிட்டது.

ஆக, தினமும் நாலு மணிக்கு வேலி ஓரத்தில் முப்பது கற்கள், முப்பது பிள்ளைகள். பிள்ளைகள் கல்லைப் பார்த்துக்கொள்வதை இரண்டே நாளில் விட்டுவிட்டன. ஓடிப் பிடித்தன, ஓடையில் நண்டு துரத்தின, யானைக்குட்டியின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்து விளையாடின. கழுகு இரண்டு மூன்று நாள் வட்டமிட்டுப் பார்த்தது. முப்பது பிள்ளைகளின் கூச்சலும் நடுவில் ஒரு யானைக்குட்டியும் அதற்குப் பிடிக்கவில்லை, வேறு காடு பார்த்துப் போனது. பூரணி வழக்கமாகப் பிடிப்பதைவிட இரண்டு பாம்பு கூடுதலாகப் பிடித்தாள். தன் பிரச்சினை தீர்ந்துபோனது அவளுக்குத் தெரியவே இல்லை. மன்றத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லையே என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் திடீரென்று கோதண்டம் வெளியே வந்தார். பிள்ளைகள் ஓடைக்குப் போயிருந்த நேரம். அவர் வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு வரிசையின் முதல் இடத்தைத் தடவினார்.

"பேரென்ன?"

பதில் இல்லை. பெரியவர்கள் எதிரில் வாய் திறக்காத பிள்ளை என்று எழுதிக்கொண்டார். கிள்ளிப் பார்த்தார். அழவில்லை. மனவுறுதி என்று எழுதினார். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பாறையை நெடுநேரம் தடவிவிட்டு, நல்ல ஆரோக்கியம் என்றார். இப்படி ஒரு தலைமுறையைத் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை என்று அவருக்குக் கண் கலங்கியது. மேலதிகாரியை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத இரண்டு கரடிகள் முப்பதையும் உள்ளே கொண்டுபோய் வரிசையாக உட்காரவைத்தன.

சாயங்காலம் பட்டியலில் மகன் பெயரைப் பார்த்த பூரணி, வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். துடியன் வாசலில் நண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தான் உள்ளே போகவே இல்லை என்றான்.

மறுநாள் அவனை இழுத்துக்கொண்டு போய்க் கோதண்டத்திடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பதிவேட்டைத் தடவினார்.

"துடியன் உள்ள இருக்கான். முழு வருகை. இது யாரும்மா?"

பூரணி வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் அவள் வாலைப் பிடித்து இழுத்தது. ஏதாவது பேசினால் பெயரை எடுத்துவிடுவார்கள், கிடைத்த இடமும் போய்விடும் என்றது. தன் மகன் இடத்திலும் கல்தான் இருக்கிறது, தான் வாயைத் திறந்ததா என்றும் கேட்டது. பூரணி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். கற்கள் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தன. தான் வைத்த கல்லுக்குச் சீருடை எடுப்பாக இருந்தது. அவள் மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள்.

அன்றே ஒரு அறிவிப்பு மாட்டினார்கள். சேர்க்கை முடிந்துவிட்டபடியால் வேலி ஓரத்தில் வெளியாட்கள் கூடி நிற்கவோ விளையாடவோ கூடாது. யானைக்குட்டி தன் கூட்டத்தோடு போனது. மற்ற பிள்ளைகளை அவரவர் வீட்டில் பூட்டினார்கள். பூரணியின் பொந்துக்குப் பூட்டு கிடையாது. கழுகு திரும்பி வந்தது.

பூரணி இரண்டு இரவு யோசித்தாள். மூன்றாம் நாள் துடியனை வேலிக்கு வெளியே, கோதண்டத்தின் ஜன்னலுக்கு நேர் கீழே உட்காரவைத்தாள்.

"உள்ள இருக்கிற கல்லப் பாருடா. அது மாதிரி இரு. அசைஞ்சா மேல இருக்கிறவன் பாத்துடுவான்."

முதல் வாரம் அவன் அழுதான். இரண்டாம் வாரம் மூக்கை மட்டும் சொறிந்தான். மழைக்காலம் முடிவதற்குள் அவன்மேல் பாசி படர்ந்திருந்தது. கழுகு ஒரு நாள் அவன் தலைமேலேயே இறங்கி உட்கார்ந்தது, அலகைத் தீட்டிக்கொண்டு பறந்துவிட்டது. அதைக் கேட்ட பூரணிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆண்டு விழாவில் சிறந்த மாணவன் பரிசு துடியன் என்ற கல்லுக்குக் கிடைத்தது. காடே கை தட்டியது. பூரணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்து மகனைக் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. நண்டு பிடிக்கப் போகலாம் என்றாள். அதற்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். சில்லென்று இருந்தது. அவள் வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

சத்தம் கேட்டு வந்த கோதண்டம் குனிந்து துடியனைத் தடவினார். கிள்ளினார். அவர் முகம் மலர்ந்தது.

"அருமையான பிள்ளை. அடுத்த வருஷத்துக்கு ஒரு இடம் இருக்கு, எழுதிக்கவா?"

பூரணி சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பெயரைச் சொன்னாள். துடியன் என்ற பெயரில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான், வேறு பெயர் சொல்லுங்கள் என்றார் கோதண்டம்.

அவள் யோசிக்கவே இல்லை.

"கல்லுன்னு எழுதிக்குங்க சார்."

நீதி: பிள்ளையை மன்றத்தில் சேர்க்குமுன் வீட்டிலிருக்கும் அம்மிக்கல்லை ஒரு வாரம் அனுப்பிப் பாருங்கள். அது பரிசு வாங்கி வந்தால் நல்ல மன்றம், பிள்ளையை நம்பிக் கொடுக்கலாம்.