பதினான்காம் விதி

பரவை,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. வெள்ளைத்துரை அவர்களின் சமூகத்துக்குக் கண்ணுச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை ரெங்கம்மாளும் நலம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் இடது முழங்காலும் நலமென்று அறிய ஆவல். போனில் சொன்னால் தாங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

சென்ற ஆவணியில் தங்கள் மகள் திவ்யாவின் கல்யாணப் பந்தியில், ஐம்பது பேர் காதில் விழ, "மாப்ள, ஒனக்கு மணியடிக்கத்தான் தெரியும், போட்டியெல்லாம் நடத்தத் தெரியாது" என்றீர்கள். முப்பத்தொரு வருடம் தலைமையாசிரியராக இருந்தவன் நான். ஆனாலும் நீங்கள் சொன்னது சரியாக இருக்குமோ என்று அன்றிலிருந்து எனக்கே சந்தேகம். இப்போது எழுதுகிறேன்: எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் பள்ளிகளின் டிஜிட்டல் கற்றல் திட்டங்களுக்கு நடத்திய பரிசுப் போட்டி, செயலாளராகிய என் பொறுப்பில், நேற்று வெற்றிகரமாக நடந்து முடிந்தது.

முதலில் கேலி செய்யாத ஆளில்லை. விண்ணப்பங்கள் காகிதத்தில், மூன்று பிரதிகளாக, தலைமையாசிரியர் முத்திரையுடன் பதிவுத் தபாலில் வர வேண்டும் என்று விதி எழுதியிருந்தேன். மின்னஞ்சல் வந்து சேர்ந்ததா என்று யாரைக் கேட்பது? கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்று தன் இணையதளத்தைப் பக்கம் பக்கமாக அச்செடுத்து உரச்சாக்கில் கட்டி அனுப்பியது. சங்கத் தலைவர் அழகுபாண்டி சாக்கைக் காலால் தள்ளி, "என்னண்ணே, டிஜிட்டலுக்கா யூரியாவுக்கா போட்டி வச்சிருக்கீக?" என்றார். என் பதினான்காம் விதியைப் படித்துவிட்டு இன்னும் சிரித்தார். மின்சாரமோ இணையமோ இல்லாதபோதும் திட்டம் பத்து நிமிடமாவது இயங்க வேண்டும், அதற்கு இருபது மதிப்பெண் என்பது அந்த விதி. "கரண்டு இல்லாம கம்ப்யூட்டரா? நல்லா வெவரமா யோசிச்சீக போங்க! சொதப்புச்சுன்னா அடுத்த வருசம் போட்டி கெடையாது, பேசாம எல்லாரும் ராமேஸ்வரம் டூர் போவோம்." பயந்துபோய் ராஜினாமாக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி, தேதி இடாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நேற்று சங்கக் கட்டடத்துக்குப் போனேன்.

காலை முழுவதும் பொன்னாடை. மேடையில் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் மற்றவர்க்குப் போர்த்தி, பெற்றவர் மறுபடி போர்த்தியவர்க்கே போர்த்தி, பன்னிரண்டரை மணிக்கு ஒரு திட்டம்கூட அரங்கேறவில்லை. எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, எப்போதும்போல் கடைசி ஆளாக நின்று, ஃபேனை நிறுத்தி, ஜன்னல் சாத்தி, அறை அறையாகப் பூட்டிக்கொண்டுதான் நான் இலைக்கு வந்தேன். அப்போதே இடது மார்பில் ஒரு கனம். பயத்தில் இருதயம்தான் கனக்கிறது என்று எண்ணி, ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

திரும்பிப் போனால் கரண்டு இல்லை. நகரத்துப் பெரிய பள்ளி ஒன்று, கண்ணில் மாட்டினால் சூரியக் குடும்பம் தெரியும் கண்ணாடி கொண்டுவந்திருந்தது. மாட்டிய நடுவர் பேராசிரியர் பீமாராவ், "அமாவாசையா இருக்கு சார்" என்று கழற்றிவிட்டார். கொட்டாம்பட்டியின் பெரிய தொடுதிரை வெறும் கரும்பலகையாக நின்றது. லைன்மேன் சங்கிலியைக் கூப்பிட்டோம். அவர் வெயிலில் இரண்டு தடவை கம்பத்தில் ஏறி இறங்கி, "லைன்ல ஒண்ணுமில்ல சார், எதுத்த டீக்கடையில ஃபேன் ஓடுது பாருங்க. உள்ள போர்டப் பாக்கவா?" என்றார். "காலையில் நானே பார்த்தேன், எல்லாம் முறையாக இருக்கிறது" என்று சொல்லிப் போர்டு அறையைத் திறக்க மறுத்துவிட்டேன். அழகுபாண்டி டூர் பஸ்ஸுக்குப் போன் போடத் தொடங்கினார். என் கை ராஜினாமாக் கடிதத்தை நோக்கி எழுந்தது.

அப்போதுதான் எழுமலையிலிருந்து வந்திருந்த தமிழ்வாணி டீச்சர் எழுந்து, "சார், நாங்க ஆரம்பிக்கலாமா? எங்களுக்குக் கரண்டு வேணாம்" என்றார். வயல்காட்டில் பாட்டுக் கேட்பார்களே, மெமரி கார்டு போடும் குட்டி ஸ்பீக்கர், அதுதான் அவர்கள் திட்டம். பிள்ளைகளே பாடத்தைப் பேசிப் பதிவு செய்கிறார்கள். பூப்பறிக்கவும் வெளியூர் வேலைக்கும் பெற்றோரோடு போகும் பிள்ளைகள் கார்டையும் கொண்டுபோகிறார்கள். பாண்டிமீனா என்ற ஏழாம் வகுப்புப் பெண் பொத்தானை அமுக்கினாள். அவள் குரலே வந்தது: "ஏ இவளே, பூமி சும்மா நிக்கிதுன்னா நெனச்ச? அம்புட்டு வேகமாச் சுத்துது. நம்மளும் கூடத்தான் சுத்துறோம், அதான் தெரியல. பூக்கூடையக் கீழ வையி, சொல்றேன்." மண்டபம் சிரித்தது, பிறகு கேட்டது, பிறகு அசையாமல் கேட்டது. பீமாராவ் ஒரு பாடம் முடிந்ததும் "அடுத்ததப் போடும்மா" என்றார். விதியில் நான் கேட்டது பத்து நிமிடம். அவர்கள் கொடுத்தது நாற்பது.

பதினான்காம் விதியில் இருபதுக்கு இருபது. முதல் பரிசான பத்து டேப்லெட் எழுமலைக்கு. ஜன்னல் வெளிச்சத்திலேயே பரிசளிப்பு நடந்தது. பூட்டிக்கொண்டு வரும்வரை கரண்டு வரவேயில்லை. அழகுபாண்டி மீதமிருந்த பொன்னாடையை எனக்குப் போர்த்தி மைக் இல்லாமலே கத்தினார்: "கரண்டு போகும்னு முன்னாடியே கண்டவரு எங்கண்ணே!" மைத்துனர் அவர்களே, மணியடிக்கத் தெரிந்தவனுக்குக் கைதட்டல் கேட்டது. இக்கடிதத்தைத் தாங்கள் வீட்டார் அனைவர் முன்னும், முக்கியமாக அந்தப் பந்தியில் இருந்தவர்கள் முன்னும், உரக்க வாசித்துக்காட்ட வேண்டுகிறேன்.

மீனாட்சியம்மன் அருளால் தங்கள் முழங்கால் மடங்கவும் வீடு செழிக்கவும் வேண்டும்,
தங்கள் அன்பு மைத்துனன்
கண்ணுச்சாமி.

பின்குறிப்பு: மேற்கண்டதை எழுதி முடித்து, ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடலாமென்று ஆணியில் தொங்கிய நேற்றைய சட்டைப் பையில் கைவிட்டேன். கடிதத்தோடு சங்கக் கட்டடத்தின் மெயின் போர்டு பீஸ் கட்டையும் வந்தது. தலைமையாசிரியராக இருந்த காலத்தில், பிள்ளைகள் கைவைத்துவிடக் கூடாதென்று, பூட்டும் முன் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். நேற்று சாப்பாட்டுக்குப் பூட்டும்போதும் கை தானாக அதைச் செய்திருக்கிறது. இருதயம் கனக்கவில்லை, பீங்கான் கனத்திருக்கிறது. உடனே பதினான்காம் விதியை நீக்கிவிட்டு, விண்ணப்பங்களுக்கு நடுவர்கள் போட்டிருந்த மதிப்பெண்களை மட்டும் கூட்டிப் பார்த்தேன். எழுமலை மூன்றாவது. ராஜினாமாக் கடிதத்தில் இன்றைய தேதியைப் போட்டு ரெங்கம்மாளிடம் காட்டினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "எழுமலையில தெனமும் கரண்டு போகுதே, அங்க எந்தச் செயலாளரு வந்து பீஸ் கட்டையப் புடுங்குறாரு? கரண்டு இல்லாதப்பவும் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான குடுத்திருக்கீக. போயி மொதல்ல அத மாட்டிட்டு வாங்க, அப்புறம் அந்தச் சங்கிலிக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்கிறாள். இது என் விதிகளில் எதிலும் இல்லை. ஆனால் தவறு எங்கே என்றும் தெரியவில்லை. தங்களுக்கான இந்தக் கடிதத்தை ஏற்கெனவே மூன்று பிரதி எடுத்துவிட்டதால் அப்படியே அனுப்புகிறேன். உரக்க மட்டும் வாசிக்க வேண்டாம்.