சுவர் வரை வந்த சுதந்திரம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உலக சரித்திரத்திலேயே முதன்முறையாக ஓர் அரசாங்கம் தன் மக்களின் கட்டைவிரலுக்கு விடுதலை வாங்கித் தந்த கதையைச் சொல்கிறேன்.

அந்த ஊரில் எல்லோர் போனிலும் ஒரே வரைபடச் செயலி. போன் வாங்கும்போதே உள்ளே உட்கார்ந்திருக்கும். "அநியாயம்!" என்று கொதித்தெழுந்தது அரசாங்கத்தின் போட்டி ஆணையம். சட்டம் போட்டது. இனி எல்லோர் போனிலும் 'தேர்வுத் திரை' வரும், பெரிய செயலி, சின்னச் செயலி எல்லாம் வரிசையாக நிற்கும், வேண்டியதைத் தொடலாம். ஆறு மாதத்தில் ஆயிரம் பேர் தொடாத செயலி, 'போட்டியை வலுப்படுத்தும் பொருட்டு', திரையிலிருந்து நீக்கப்படும்.

அன்றைக்கு வரைபடக்காரி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். சலவைக்கடை மாடியில் ஒற்றை அறை, இரண்டு மேசை, அவளுடைய சின்னச் செயலி. நாலு வருஷம் கால் தேயத் தெருத்தெருவாக நடந்து எழுதியது. எந்தச் சந்தில் மழைத் தண்ணீர் நிற்கும், எந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கவாசல் உண்டு, எந்தக் கேட் பூட்டியே கிடக்கும், எல்லாம் அதில் உண்டு.

திரை வந்தது. ஊரே தொட்டது. அவள் மாமியாரும் தொட்டார்.

"அத்தை, எதைத் தொட்டீங்க?"

"அந்தப் பெரிசைத்தான்."

"நம்ம பேரும் இருந்துச்சே!"

"இருந்துச்சும்மா. நீ வீட்டுப் பொண்ணு, கோவிச்சுக்க மாட்ட. அந்தப் பெரிய கம்பெனிக்காரன் கோவிச்சுக்கிட்டு, அவன்கிட்ட இருக்கிற பேரன் போட்டோவையெல்லாம் அழிச்சுட்டான்னா?"

ஆறு மாதம் முடிந்தது. அவள் செயலியைத் தொட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். செயலியை நீக்கலாமா என்று விசாரணை; ஆணையத்தின் புதுக் கட்டடத்தில், காலை பத்து மணிக்கு.

பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். விசாரிக்க வேண்டியவர்களைத்தான் காணோம். பத்தரைக்குப் போன் அடித்தது.

"வரைபடக்காரம்மாவா? ஆணையத் தலைவர் பேசறேன். கொஞ்சம் வெளிய வர முடியுமா? நாங்க மூணு பேரும் ஒரு சுவருக்கு முன்னாடி நிக்கிறோம்."

பெரிய செயலி அவர்களைக் கட்டடத்தின் பின்சுவருக்குக் கூட்டிப்போய், 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று வாழ்த்தியிருந்தது.

அவள் தன் செயலியைக் காட்டிப் பக்கவாசல் வழியாக அழைத்து வந்தாள். "அடடா, அருமையான ஆப்மா!" என்று தலைவர் வியர்வையைத் துடைத்தார். உட்கார்ந்தார். கோப்பைப் பிரித்தார்.

"நானூறு சொச்சம்தான் இருக்கு. நீக்கம்."

"சார், நீங்க எதைத் தொட்டீங்க?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்க ஆணையம்மா. ஒரு பக்கம் சாயலாமா? எதையும் தொடாம அந்தத் தேர்வுத் திரையையே மூடிட்டோம். ஏற்கெனவே போன்ல இருந்தது இருந்தபடியே இருக்கு. இதுக்குப் பேர்தான் நடுநிலை."

அன்றே அறிக்கையும் வெளிவந்தது: 'முன்பு மக்கள் வேறு வழியின்றிப் பெரிய செயலியைப் பயன்படுத்தினர். இன்று தாமே விரும்பிப் பயன்படுத்துகின்றனர். சட்டம் மாபெரும் வெற்றி.'

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏம்மா, வெளிய போற வழி எது?" என்றார் தலைவர்.

"உங்க போன்லயே இருக்கு சார். அதே சுவர் வரைக்கும் பத்திரமா கொண்டுபோய் விடும்."

நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, கண்ணுகளா. உங்கள் வீட்டில் குழந்தைகுட்டியெல்லாம் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். ஒருவேளை ஒரு நாள் அவசரத்துக்கு டாக்டர் வர நேர்ந்தால், அவர் உங்கள் வாசலுக்கே வரட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த சுவருக்கு முன்னால் நின்று வாழ்த்து வாங்கிக்கொண்டிருக்காமல்.