பீர் குடித்த பிறகு கொதித்த மாவு

உவாந்தா, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி அன்செல்மோவுக்கு,

உன் அக்கா எர்மெலிந்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்; என் மூக்குக்குள் மட்டும் இன்னும் கொஞ்சம் மாவு இருக்கிறது. லீமாவில் நீயும் உன் ஐஸ்கிரீம் கடையும் குளுகுளுவென்று இருக்க வேண்டும்.

"பொடி எப்படி அக்கா கொதிக்கும்? அது என்ன சூப்பா?" என்று, ஈஸ்டருக்கு வந்தபோது எங்கள் புதிய உலர்த்தும் இயந்திரத்தைப் பற்றி நான் சொன்னதும் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பெண்கள் சங்கத்தின் லூக்குமாப் பழ மாவு இன்னொரு முறை பாலில் கட்டிதட்டினால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாய். உன்னை விட்டால் எங்களிடம் வாங்க யார் இருக்கிறார்கள்?

கொதித்துவிட்டதடா தம்பி! நெரிசலான பேருந்தை நினைத்துக்கொள். புதிய இயந்திரத்தின் சல்லடைத் தட்டில் மாவு அப்படித்தான் இறுகிக் கிடக்கும், கீழிருந்து சூடான காற்றை ஊதினால் ஒவ்வொரு துகளும் எழும்பி மிதக்க வேண்டும், பால் பொங்குவதுபோல் குமுறிச் சீராகக் காய வேண்டும். பள்ளிக்கூடத்து டீச்சர் ஆயிற்றே, அப்படித்தான் நான் பாடம் நடத்தினேன். மாவு கவனிக்கவில்லை. ரொம்ப நைஸாக இருந்ததால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டது, காற்று நடுவில் ஒரே ஓட்டை போட்டுப் பீறிட்டு, இயந்திரத்தைத் தொடங்கிவைக்க ஞானத்தாயாக நாங்கள் அழைத்திருந்த மெல்சோராவின் முகத்தில் மூன்று கிலோவை அடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் டீச்சர், இதுக்குக் குடிக்க ஏதாச்சும் குடுத்தீங்களா? நம்ம ஊர்ல புது லாரிகூட பீர் தெளிக்காம கெளம்பாது!" என்று கையிலிருந்த பீர் பாட்டிலைக் குலுக்கினாள். "அடியேய், உள்ள ஊத்தாதடி!" நான் கத்தி முடிக்குமுன் கட்டைவிரலால் பாட்டில் வாயை அடைத்து நுரையைப் பீச்சிவிட்டாள். போச்சு, உன் ஆர்டர் போச்சுன்னு தலையில கைவெச்சு உக்காந்துட்டேன்டா.

"டீச்சர், எட்டிப் பாருங்க, கொதிக்குது!" என்று கூவினாள் மெல்சோரா.

மாவு கினுவா தானியம்போல் மணிமணியாய்த் திரண்டு, தனித்தனியாய் எழும்பி, தளதளவென்று கொதித்தது! இருபது நிமிஷத்தில் மொறுமொறுவென்று காய்ந்தது. சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேரும் ஆடினோம். இது பீர் செய்த வேலை இல்லை, ஈரம் செய்த வேலை, தண்ணீர் தெளித்தாலும் இதேதான் நடக்கும் என்று மெல்சோராவுக்குப் பொறுமையாய் விளக்கினேன். "நீங்க சொன்னா சரி டீச்சர்" என்று மிச்ச பீரைக் குடித்தாள்.

மாதா உன்னையும் உன் குளிர்பெட்டியையும் காக்கட்டும், கரண்ட் போகாதிருக்கட்டும்.

உன் அக்கா,
எர்மெலிந்தா

பி.கு.: இன்று தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். முழுக்கக் களி. மெல்சோரா காலி பாட்டிலைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மேலே நான் விளக்கியதை அடித்துவிட்டு, அடுத்த பேருந்தில் ஒரு பெட்டி பீர் அனுப்பு. இத்துடன் வரும் பொட்டலம் பீர் குடித்த மாவு. ஆறின பாலில் ஒரு கரண்டி போடு. கிளறாதே, கட்டிதட்டுகிறதா என்று சும்மா பார்.