டீக்கு விதி தேடிய வரிக்குவரி காக்கா

தாமிரபரணிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் சேர்த்து, எழுதி வைத்ததை எழுதி வைத்தபடியே செய்த ஒரே மனிதர் எங்கள் வரிக்குவரி காக்காதான். காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வளைகுடாவில் எண்ணெய் ஆலையொன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, பாளையங்கோட்டையில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்குச் சோதனையாளராக வந்து சேர்ந்தார். "அங்கன ஒரு வரியை விட்டா ஒரு விரலு போயிரும்" என்பார். பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

பேருந்தில் 'ஓட்டுநருடன் பேசக் கூடாது' என்று எழுதியிருந்ததாம். ஓட்டியவர் இவருடைய சொந்த மச்சான். "நல்லா இருக்கியளா மச்சான்?" என்று அவர் திருச்செந்தூரில் கேட்டதற்குத் திருநெல்வேலியில் இறங்கிய பிறகுதான் பதில் சொன்னார். இரண்டு குடும்பமும் மூன்று மாதம் பேசிக்கொள்ளவில்லை. இருமல் மருந்துப் புட்டியில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று இருக்க, குழந்தையே இல்லாத வீட்டில் அதைப் பரண்மேல் வைத்தார். ஒவ்வொரு வேளையும் இருமிக்கொண்டே ஏணியில் ஏறினார்.

என் முதல் ஆவணம் இவர் கையில்தான் சிக்கியது.

ஏஐ ஏஜெண்ட் என்பது சொன்ன வேலையைத் தானாகச் செய்யும் கணினி வேலையாள். அது ஏடாகூடமாக எதையும் செய்யாமலிருக்க, வேலைக்கு முன்னால் அதற்குரிய இணையப் பாதுகாப்பு விதிகளைத் தேடி எடுத்துக் கொடுக்கும் கருவி ஒன்றை எங்கள் அலுவலகம் செய்திருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜெண்டுக்கு விளக்கி எழுதும் பொறுப்பு எனக்கு. களக்காட்டில் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிற எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். "எம்மவ கம்ப்யூட்டருக்கே பாடம் சொல்லிக் குடுக்கா" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் காக்கா கையெழுத்துப் போட்டு ஆவணம் வாடிக்கையாளருக்குப் போனால் எனக்கு வேலை நிரந்தரம். போகாவிட்டால் களக்காட்டு பஸ்.

"இன்னைக்கு நான்தான் ஏஜெண்ட்" என்று காக்கா காலையில் என் தாள்களோடு உட்கார்ந்தார். கடவுச்சொல் மாற்றத் தேடினார். சரியான விதி வந்தது. கோப்பை அழிக்கத் தேடினார், வந்தது. எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

பதினொரு மணிக்கு டீ வந்தது.

காக்கா டீயைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். 'எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் விதியைத் தேடு. கிடைக்காவிட்டால் மீண்டும் தேடு.' 'டீ குடித்தல்' என்று தட்டினார். விதி எதுவும் கிடைக்கவில்லை என்றது கருவி. மீண்டும் தட்டினார். மீண்டும்.

டீ ஆடை கட்டியது. மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னவே காக்கா, அரை மணி நேரமா ஒண்ணையே தட்டிக்கிட்டு இருக்கீரு?"

"தேடுதேன்."

"டீக்கு ஏதுவே விதி? எடுத்துக் குடியும்!"

"அத நீங்க சொல்லுதிய. காயிதம் சொல்லலையே."

மதியம் மேலாளர் பிரியாணிப் பொட்டலத்தை அவர் மூக்குக்கு நேராகப் பிரித்தார். காக்கா கண்ணை மூடிக்கொண்டு 'பிரியாணி' என்று தட்டினார். விதி இல்லை. தொழுகைக்கு மட்டும் எழுந்து போனார். "அதுக்கு உத்தரவு முன்னாடியே வந்தாச்சு" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "காக்கா, நான் எழுதுனதுல தப்பே கிடையாது. நீங்கதான் வம்பு பண்ணுதிய!"

"தப்புன்னு நான் சொன்னேனா தங்கச்சி? நீங்க எழுதுனபடிதானே செய்யுதேன்."

நான்கு மணிக்கு அவர் இடுப்பு வாரை ஒரு துளை இறுக்கிக்கொண்டு மீண்டும் தட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்காவது பசிக்கும். ஏஜெண்டுக்கு வயிறே கிடையாது. மின்சாரம் போகும்வரை தேடிக்கொண்டேயிருக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. கர்வத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு வரி சேர்த்தேன்: 'மூன்று முறை தேடியும் கிடைக்காவிட்டால் நிறுத்து. மனிதரிடம் கேள்.'

புதுத் தாளை நீட்டினேன். மணி நாலே முக்கால். ஒரே எட்டில் டீக்குப் பாய்வார் என்று பார்த்தால், முதல் பக்கத்திலிருந்து நிதானமாக வாசித்தார். பிறகு 'டீ குடித்தல்'. ஒன்று. இரண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலாளர் சுவரில் நெற்றியை முட்டினார். மூன்று.

எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"மனுசர்கிட்ட கேக்கச் சொல்லியிருக்கு. தங்கச்சி, டீ குடிக்கலாமா?"

"குடிங்க காக்கா!" என்று நான் கத்தியது ஆற்றுப் பாலம்வரை கேட்டிருக்கும்.

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார். என் வேலை நிரந்தரமானது.

அதன் பிறகு எத்தனையோ ஆவணங்கள் எழுதிவிட்டேன். பலபேர் வாசித்துப் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் நான் எழுதியதை முழுக்க நம்பி, ஒரு பகல் பட்டினி கிடந்த வாசகர் அவர் ஒருவர்தான்.