மாஸ்டர் பார்த்த பிரேக் வைத்தியம்

“மறுபடியும் நடுங்குதுங்க,” என்றாள் மனைவி, சிக்னலில் காரை நிறுத்திவிட்டு.

“காரா, நீயா?” என்று கேட்டார் மாஸ்டர். பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் கேள்வி பாதிதான் வெளியே வந்தது.

மாஸ்டர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வருஷமாகக் கற்றுக்கொடுப்பவர். கை நடுங்கும் ஓய்வுபெற்ற நீதிபதி முதல், திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் கல்லூரி மாணவி வரை எல்லோரையும் லைசென்ஸோடு அனுப்பிவைத்தவர். மாணவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார் என்று அவருக்குப் பெயர். கொட்டாவி வராத ஒரே மாணவி, கட்டிய மனைவியாக வாய்த்தாள்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை டெஸ்ட். மூன்று வருஷம் அலைந்து, வீடு வீடாகக் காரில் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை ஒரு பரிசோதனைக் கூடத்தில் கிடைத்திருந்தது. டெஸ்டுக்கு அடுத்த திங்கள்கிழமை லைசென்ஸைக் காட்டாவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு. பிரேக் போட்டால் நடுங்குகிற காரில் எந்த அதிகாரி பாஸ் போடுவார்?

பயிற்சிப் பள்ளி கழித்துவிட்ட பழைய பயிற்சிக் கார் அது. மாஸ்டர் ஆசையாக வாங்கியது. பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. ஆபத்துக்கு மட்டும்தான் அதைத் தொடுவது என்பது மாஸ்டரின் கொள்கை.

அவர் தனியாக ஓட்டினால் கார் சாதுவாக நின்றது. ஆகவே முதலில் அவள் காலைச் சந்தேகப்பட்டார். சமையலறைத் தரையில் தலையணையைப் போட்டு, பூவை மிதிப்பதுபோல் மிதிக்கச் சொல்லி அரைமணி நேரம் பயிற்சி கொடுத்தார். தலையணை நடுங்கவில்லை. மறுநாள் கார் நடுங்கியது.

“பெடல் என் காலுக்கடியில தானா இறங்குதுங்க.”

பிரேக் லைனில் காற்று புகுந்திருக்கும் என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்கடியில் படுத்து, காற்றை வெளியேற்றினார். எண்ணெயில் பாதி அவர் காதுக்குள் போனது. இப்போது பிரேக் தொட்டாலே பிடித்தது. நடுக்கம் குலுக்கலாக முன்னேறியது.

திங்கள்கிழமை பிரேக் பேடை மாற்றினார். குலுக்கலோடு கீச்சென்று ஒரு அலறலும் சேர்ந்துகொண்டது. தெருவில் போனவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாட்டினார். கார் இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. இழுக்க இழுக்க அவள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள், அவர் இருக்கையோடு ஒட்டிக்கொண்டார், கார் முன்னைவிட மோசமாகத் தூக்கிப் போட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

“நான் பாஸாக மாட்டேன் போல இருக்கு,” என்று அன்று அவள் சொன்னபோது மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஏதோ சரிந்தது. ஊருக்கெல்லாம் வழிகாட்டியவன், சொந்த மனைவிக்கு ஓட்டை வண்டியைக் கொடுத்து வேலையைக் கெடுக்கப் போகிறான். அப்படி ஒரு வாத்தியார் தன்னிடம் பயிற்சிக்கு வந்திருந்தால் முதல் நாளே துரத்தியிருப்பார்.

புதன்கிழமை கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் டயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, அவளை ஓட்டச் சொல்லித் தான் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டறையைச் சுற்றி ஒரு நடை போய் வந்தான். இறங்கியதும் இருவரும் எதையோ பேசிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் மாஸ்டரே வந்துவிட்டார்.

“பிரேக் டிஸ்க் வளைஞ்சிருக்குப்பா. வேற ஒண்ணுமே இல்ல. மாத்திடு.”

மெக்கானிக் அவளைப் பார்த்தான். “புது டிஸ்க்குக்குச் சொல்லி அனுப்பறேன் மாஸ்டர். வண்டி இங்கேயே இருக்கட்டும், அக்கா நாளைக்கு வந்து எடுத்துக்கட்டும்,” என்றான்.

வியாழக்கிழமை மாலை கடைசி ஒத்திகை. ஏழு சிக்னல், இரண்டு பள்ளிப் பேருந்து, குறுக்கே பாய்ந்த ஒரு சைக்கிள். கார் ஒவ்வொரு முறையும் வெண்ணெயில் இறங்கிய கத்திபோல் நின்றது. அலறல்கூட அடங்கியிருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது மாஸ்டரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, வலது முழங்கால் மடங்க மறுத்தது. ஆனால் சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“டிஸ்க்னு சொன்னேனா இல்லையா?”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றாள் அவள், சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு.

வெள்ளிக்கிழமை அதிகாரி அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மாஸ்டரால் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கால்மணி நேரம் கழித்து அதிகாரி அவரிடமே வந்து, இவ்வளவு பதற்றமில்லாமல் ஓட்டுகிற ஆளை இந்த மாதம் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சிரித்துக்கொண்டே காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையில் நின்றவர்களைக் கூட்டி, டிஸ்க் வளைந்தால் என்ன ஆகும், அதை அனுபவசாலி எப்படிக் காதாலேயே கண்டுபிடிப்பான் என்று ஒரு பிரசங்கம் செய்தார். அது போதாமல், அவர்கள் முன்னாலேயே மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“புது டிஸ்க் பிரமாதம்ப்பா. பாஸாயிட்டா.”

“டிஸ்க் இன்னும் கடைக்கே வரல மாஸ்டர். அக்கா சொன்னாங்கன்னு உங்க பக்கத்துப் பெடலோட கேபிளை மட்டும் கழட்டி விட்டேன்.”