ஒரே கை ஓட்டின வண்டி

இரண்டாவது கியர் மறுபடியும் கழன்றுகொண்டது. நடு மேட்டில், பின்னால் ஒரு பால் வண்டி முட்டாத குறையாக வந்துகொண்டிருக்க, லாரி பெருமூச்சு விட்டுப் பின்பக்கமாக நழுவியது. ஓனர் பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்து நிறுத்தினார்.

அவரை ஓனர் என்றே சொல்லிவிடுவோம். அவருக்கும் அதில்தான் ஆசை. பாதி ஆயுசை அடுத்தவர் லாரி ஓட்டியே கழித்துவிட்டு, போன மாதம்தான் சொந்தமாக இந்தப் பழைய லாரியை வாங்கியிருந்தார். சமையலறைக் கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய வைத்திருந்த பணம் அதில் போயிற்று. வேலையை விட்டபோது பழைய முதலாளி கோபிக்கவே இல்லை. "போயிட்டு வா. உன் சீட்டு காலியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். திட்டியிருந்தால் ஓனர் மறந்திருப்பார். அந்தச் சிரிப்பை மட்டும் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை பரீட்சை. மேட்டின் உச்சியில் ஒரு மரச்சாமான் கடை இருந்தது. கடை திறப்பதற்குள் ஒரு லோடு கண்ணாடி பீரோ கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தால், இனி அந்தக் கடையின் லோடெல்லாம் இவருக்கு. சேராவிட்டால் அந்தக் காலி சீட்டு. எதற்கும் ஒரு முறை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று வந்தால், காலி வண்டியே ஏற மாட்டேன் என்கிறது.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸை இறக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார். நாளைக்கே லோடு என்றார் ஓனர். அப்படியானால் ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று மெக்கானிக் பழைய டியூபை வெட்டி, கியர் கம்பியை சீட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது. கியர் கழலவில்லை. கழற்ற நினைத்தபோதும் கழலவில்லை. நாற்சந்தியில் போலீஸ்காரர் கையைக் காட்ட, ஓனர் கிளட்சை மிதித்தபடி கால் நடுங்க நின்றார். கால் வழுக்கியது. லாரி ஒரு குதி குதித்து அணைந்தது. சாவியைத் திருகத் திருக ஸ்டார்ட்டர் மோட்டார் முனகி, புகைந்து, கதையை முடித்துக்கொண்டது.

தெருவே சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்த வண்டிக்கு, காயலான் கடையிலிருந்து வேறு ஸ்டார்ட்டர் வந்தது. அதைச் சுழற்றப் பழைய பேட்டரிக்குத் தெம்பு இல்லை. பெரிய பேட்டரி வந்தது. அது பெட்டிக்குள் அடங்கவில்லை. பெட்டியை வெட்டியபோது ஏதோ வயரும் சேர்ந்து வெட்டுப்பட்டது. ஒட்டுப்போட்டு முடித்ததும், பிரேக்கை மிதித்தால் ஹாரன் அலறியது.

"ஒரு விதத்துல நல்லதுதாங்க" என்றார் மெக்கானிக். "நீங்க நிக்கப் போறது முன்னாடி போறவனுக்கும் தெரியும்."

பிறகு, விற்ற ஆளின் சட்டையைப் பிடித்துக் கேட்கவேண்டியதுதானே என்றும் சொன்னார். ஓனருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவரைச் சொல்லாதீங்க. நேர்மையான மனுஷன். ஒரே கை ஓட்டின வண்டின்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு."

பழைய வண்டிக்கு அதைவிடப் பெரிய நற்சான்று ஏது? நாலு பேரிடம் கைமாறிச் சீரழியாமல், வாங்கியவரே கடைசிவரை ஓட்டிய வண்டி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஓனர் பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். மனைவி ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியை நகர்த்தி வைத்தபடி கேட்டுக்கொண்டாள்.

"ஒரே கைன்னா, அந்தக் கை இத்தனை நாளா என்னதான் பண்ணிட்டிருந்துச்சு?" என்றாள். "ஒரு பக்கத் தோள் மட்டும் புடைச்சு, சட்டை கோணலா நின்னாரே அந்த ஆளு. அப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

தோளைப் பார்த்தா லாரி வாங்குவார்கள் என்று ஓனர் எரிந்து விழுந்தார். ஆனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. டியூபைக் கட்டினால் கியர் மாறாது. அவிழ்த்தால் கழன்றுகொள்ளும். தானே பிடித்துக்கொள்ளலாம் என்றால், அந்த மேட்டு வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் போதாது.

"நான் வரேன்" என்றாள் மனைவி. "நீங்க ஓட்டுங்க. நான் கியரைப் பிடிச்சுக்கறேன். அடிபம்பு அடிச்சுக் காய்ச்சுப்போன கை இது."

விடிந்ததும் லோடு ஏறியது. மேடு தொடங்கியதும் ஓனர் இரண்டாவது கியரைப் போட, மனைவி காலை முன்னால் உதைத்துக்கொண்டு கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அது வெளியே வரத் துடித்தது. "வந்தே, தெரியும் சேதி" என்று அவள் அதனிடம் பல்லைக் கடித்தாள். நேற்றைய பால் வண்டி இன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓனர் பிரேக்கைத் தொட்டார். ஹாரன் அலறிய அலறலில் பால் வண்டி பதறி ஓரம் கட்டியது. லாரி உறுமிக்கொண்டே முந்தி, வளைந்து, கடை வாசலில் போய் நின்றபோது ஷட்டரே இன்னும் திறந்திருக்கவில்லை.

பீரோக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு கண்ணாடியிலும் கீறல் இல்லை. வேர்வையில் நனைந்த இரண்டு பேர் எல்லாக் கண்ணாடியிலும் தெரிந்தார்கள். அடுத்த லோடு எப்போது என்று கடைக்காரர் சொன்னதும் ஓனர் வாய்விட்டுச் சிரித்தார். இனி அந்தச் சீட்டில் முதலாளி வேறு யாரையாவது உட்கார வைக்கட்டும்.

"பார்த்தியா" என்றார் மனைவியிடம், நெஞ்சை நிமிர்த்தி. "என்ன இருந்தாலும் ஒரே கை ஓட்டின வண்டி."

மனைவி சிவந்துபோன உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தாள். கடைசி பீரோவை இறக்கிவிட்டு வந்த சுமைக்காரர் லாரியை உற்றுப் பார்த்தார். பிறகு பானெட்டை அன்பாகத் தட்டிக் கொடுத்தார்.

"அட, நான் முன்னாடி லோடு ஏத்தின நம்ம பழைய வண்டி. வித்த நாள் வரைக்கும் அவரு இதை ஒரே கையாலதாங்க ஓட்டினாரு. பாவம், கல்யாணமாகாத மனுஷன். கியரைப் பிடிச்சுக்க ஆள் இல்லை."