தூணைக் கட்டிப்பிடித்த சம்பந்தி

எங்க ஊர்ல பிரான்சுக்காரன் ஆட்சி நடந்த காலம். ஒரு ஞாயித்துக்கிழமை. வீட்டுல எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. தங்கச்சி கல்யாணத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளையோட அப்பா வந்திருந்தாரு. ராகுகாலம் முடியுற வரைக்கும் அவரை வெளிய கூட்டிட்டுப் போவணும்.

"கடற்கரையைக் காட்டிட்டு விளக்கு வைக்கிறதுக்குள்ள கூட்டியா. நல்ல நேரம் கொஞ்சந்தான் இருக்கு, அதுக்குள்ள தட்டு மாத்தணும். ஜம்பம் அடிச்சுக் காரியத்தைக் கெடுத்துடாதே"ன்னாரு அப்பா.

ஜம்பம் அடிக்காம நான் எப்படி உயிரோட இருக்கிறது?

சம்பந்தி கடலூர்ல கட்டட கண்டிராக்டர். வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரத் தெருவுல நுழைஞ்சதுலேருந்து ஒவ்வொரு சுவரையும் தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டே வந்தாரு. "சுண்ணாம்பு நல்லா அரைச்சிருக்கான் தம்பி!"

கடலோரச் சதுக்கத்துல வெள்ளைக்காரத் துரை சிலையைச் சுத்தி செஞ்சியிலேருந்து கொண்டாந்த கல்தூணுங்க நிக்குதே, அதைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டிட்டாரு. "கோயில் தூணு தம்பி இது!" குடையை என் கையில கொடுத்துட்டு, சுத்தளவு பார்க்க ஒரு தூணை அப்படியே கட்டிப்பிடிச்சாரு.

அந்தப் பக்கம் பேண்டுக்காரங்க வந்து உட்கார்ந்தாங்க. எனக்கு வாய் அரிச்சுது.

"மாமா, இங்க பிரான்சு தேசத்துப் பாட்டு வாசிச்சா, இருக்கிற இடத்துலயே அசையாம நிக்கணும். அசைஞ்சா சிவப்புத் தொப்பி போலீஸ் வந்துருவான்."

"அது எந்தப் பாட்டு?"

எனக்கெங்க தெரியும்? எப்பவும் பக்கத்துல இருக்கிறவரு எழுந்தா நானும் எழுவேன், அவ்ளோதான். அதைச் சொல்ல முடியுமா? பேண்டு ஆரம்பிச்சதும், "இதான் மாமா!"ன்னேன்.

அவரு தூணோட நின்னாரு. நான் குடையோட நின்னேன்.

ஒண்ணு முடிஞ்சா மூச்சு விடாம அடுத்தது வாசிக்கிறாங்க.

"இதுவுமா தம்பி?" வாயை அசைக்காம கேட்டாரு.

"இதுவுந்தான் மாமா."

அந்த வழியா ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க.

"என்னக்கா, பெரியவரு செருப்பைக் கழட்டிட்டுத் தூணைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு?"

"வேண்டுதலா இருக்கும்டி. வரன் அமையறதுக்கு."

சொல்லிட்டுச் சும்மா போவக் கூடாதா? "எம் பொண்ணுக்கும் முடியட்டும்"னு அந்தக்கா பக்கத்துத் தூணைக் கட்டிக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு தூணும் காலியில்லை!

போலீஸ்காரர் ஓடியாந்தாரு. "யாருய்யா இதை ஆரம்பிச்சது?"

எல்லாரும் சம்பந்தியைக் காட்டினாங்க. சம்பந்தி கண்ணாலயே என்னைக் காட்டினாரு. நான் கண்ணாலயே பேண்டைக் காட்டினேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? தேசத்துப் பாட்டுன்னா நினைச்சு நிக்கிறீங்க? யோவ், அது வெள்ளைக்காரங்க ஆட்டத்துக்கு வாசிக்கிற பாட்டுய்யா!"

தூண் பக்கத்துலேருந்து மெதுவா ஒரு குரல்: "தம்பி, அசையலாமா?"

அசையலாம்னு சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து பேண்டு நிஜமான தேசத்துப் பாட்டை ஆரம்பிச்சுது. போலீஸ்காரரே ஒரு கையால என் சட்டையைப் பிடிச்ச மேனிக்கு இன்னொரு கையால சலாம் வச்சு நின்னுட்டாரு!

வீடு வந்து சேர்றப்ப நல்ல நேரம் போயே போச்சு. அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! தங்கச்சி கல்யாணம் என் வாயால கெட்டுதேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

சம்பந்தி மேல ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கிட்டே உள்ள வந்தாரு. "நேரம் போனா போவுது. தூணைக் கட்டிக்கிட்டா வரன் அமையும்னு உங்க ஊர்ப் பொம்பளைங்களே சொல்லிட்டாங்க. தட்டை எடுங்க சம்பந்தி!"

கல்யாணத்தன்னைக்குக் கெட்டிமேளம் கொட்டினதும் பந்தலே அட்சதை போட்டுது. சம்பந்தி மட்டும் அட்சதையைக் கையில மூடி வச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பி, "தம்பி, அசையலாமா?"ன்னாரு.